வரவேற்பறை வரை மட்டும்: உளவியல் ஆலோசனை மையத்தில் ஏஐ ஏஜென்ட்டை அமர்த்த ஒரு முழுமையான வழிகாட்டி

"வியாழக்கிழமை வர இயலாது. அடுத்த வாரமும் வேண்டாம். இதுவரை பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி."

பல் மருத்துவரின் வரவேற்பறைக்கு இப்படி ஒரு செய்தி வந்தால் இரண்டு நேரங்களை நாட்காட்டியிலிருந்து அழித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். உளவியல் ஆலோசகருக்கு வந்தால் கை சற்று நிற்க வேண்டும். நான் ஏஐ ஏஜென்ட் ஒன்றைச் சோதித்த முதல் வாரத்திலேயே ஏறத்தாழ இப்படியொரு செய்தி வந்தது. ஏஜென்ட் எழுதிவைத்திருந்த பதில்: "உங்கள் இரண்டு அமர்வுகளும் ரத்து செய்யப்பட்டன. இந்த நாள் இனிதாக அமையட்டும்!" நான் ஒப்புதல் தராமல் எதுவும் வெளியே போகாதபடி அமைத்திருந்ததால் அது வரைவாகவே நின்றது. அன்று மாலை அவரை நானே அழைத்துப் பேசினேன். அழைத்தது நல்லதாயிற்று.

அன்று எனக்கு உறைத்தது இதுதான்: நம் தொழிலில் வெறும் அலுவலக வேலை என்று தனியாக எதுவும் இல்லை. நேரத்தை மாற்றுவது, கட்டணத்தைத் தள்ளிப்போடுவது, படிவத்தில் ஒரு கேள்வியை மட்டும் காலியாக விடுவது என எல்லாவற்றிலும் அந்த மனிதரின் நிலை கலந்திருக்கும். ஏஜென்ட் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. நாள் முழுவதும் பிறர் துயரைக் கேட்டுவிட்டு, இரவில் ரசீதுகளோடு உட்காரும் ஆலோசகர் விரைவில் சோர்ந்துபோவார். அந்தச் சோர்வின் விலையையும் எதிரே அமர்ந்திருப்பவரே தருகிறார். வேலையைக் கொடுங்கள். எப்போது விலகி நிற்க வேண்டும் என்பதை முதலில் கற்றுக்கொடுத்துவிட்டுக் கொடுங்கள். அதற்கான வழியைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

ஏஜென்ட் என்றால் என்ன

சாட்பாட், கேட்டால் பதில் சொல்லும். ஏஜென்ட்டிடம் ஒரு குறிக்கோளைக் கொடுத்தால் போதும். அதற்குத் தேவையான வேலைகளைத் தானே வரிசைப்படுத்தி, நீங்கள் கொடுத்த கருவிகளைக் கொண்டு ஒவ்வொன்றாகச் செய்துகொண்டே போகும். "நாளைய அமர்வுகளுக்கு நினைவூட்டல் அனுப்பு" என்றால் அது நாட்காட்டியைத் திறக்கும், யார் வருகிறார்கள் என்று பார்க்கும், செய்தி எழுதி அனுப்பும், வந்த பதிலைப் படிக்கும், நேரம் மாற்றக் கேட்டவருக்கு வேறு நேரம் தேடித் தரும். இடையில் உங்களிடம் எதையும் கேட்காது. அதன் பயன், ஆபத்து இரண்டும் அந்தக் கேட்காமையில்தான் இருக்கின்றன.

ஒரு பழைய நிகழ்வை இங்கே நினைவுபடுத்த வேண்டும். 1966-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலாளர் ஜோசப் வைசன்பாம் 'எலிசா' என்ற உரையாடும் நிரலை வெளியிட்டார். அதன் 'டாக்டர்' வடிவம், எதிரே இருப்பவர் தட்டச்சு செய்ததையே கேள்வியாக்கித் திருப்பிக் கேட்டது. அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அவர் அதை உருவாக்கியதை மாதக்கணக்கில் அருகிலிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனுடன் பேசத் தொடங்கிய சிறிது நேரத்தில் அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னாராம். நேரம் குறிப்பதற்கு மட்டும் என்று நீங்கள் வைக்கும் ஏஜென்ட்டிடமும் மக்கள் மனம் திறப்பார்கள். நள்ளிரவில் பதில் தரும் ஒரே முகவரி அதுவாகவே இருக்கும். இதை எதிர்பாராத விபத்தாக நினைக்காதீர்கள். கட்டாயம் நடக்கப்போவது என்று எண்ணியே திட்டமிடுங்கள்.

படி 1: ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்

மென்பொருள் எதையும் தேடும் முன், ஒரு வாரம் முழுவதும் அமர்வுக்கு வெளியே நீங்கள் செய்யும் ஒவ்வொரு வேலையையும் எழுதி வையுங்கள். எவ்வளவு நேரம் பிடித்தது என்பதையும் குறியுங்கள். வார இறுதியில் அவற்றை மூன்று குவியல்களாகப் பிரியுங்கள்.

முழுமையாகக் கொடுத்துவிடக்கூடியவை முதல் குவியல்: அமர்வு நினைவூட்டல், காலி நேரங்களைக் காட்டுவது, பணம் வந்ததா என்று வங்கிப் பதிவோடு ஒப்பிடுவது, நிரப்பப்படாத படிவங்களைக் கண்டுபிடிப்பது, உங்கள் பயிற்சி நேரங்களையும் உரிமம் புதுப்பிக்கும் தேதியையும் நினைவூட்டுவது. வரைவு மட்டும் எழுதச் சொல்லக்கூடியவை இரண்டாவது: புதிதாக விசாரிப்பவருக்கான பதில், காப்பீட்டு நிறுவனத்துக்கான கடிதம், நிலுவைக் கட்டண நினைவூட்டல், பரிந்துரைக் கடிதம். மூன்றாவதில் இருப்பவற்றை ஒருபோதும் கொடுக்கக் கூடாது: நோயறிதல், அபாய மதிப்பீடு, சிகிச்சைத் திட்டத்தை முடிவு செய்வது, ஒருவரை ஏற்பதா மறுப்பதா என்ற முடிவு, அமர்வுகளுக்கு இடையே ஆறுதலோ ஆலோசனையோ சொல்வது.

எந்தக் குவியலில் வைப்பதென்று தயங்கும் வேலையை ஒரு குவியல் தள்ளி, கண்டிப்பு மிகுந்த பக்கம் வையுங்கள். நிலுவைக் கட்டணத்தை முதலில் நான் முதல் குவியலில் வைத்திருந்தேன். பிறகு யோசித்தேன். அமர்வுக்கு வராமல் போனதற்கான கட்டண அறிவிப்பு, அன்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்த ஒருவருக்குத் தானாகப் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்? அன்றே அதை இரண்டாவது குவியலுக்கு மாற்றினேன்.

மூன்றாவது குவியலுக்கு ஒரு சான்று. உணவுப் பழக்கக் கோளாறு உள்ளவர்களுக்கு உதவ அமெரிக்க அமைப்பு ஒன்று வைத்திருந்த 'டெஸ்ஸா' என்ற சாட்பாட், எடை குறைக்கும் யோசனைகளைச் சொன்னதால் 2023-ல் நிறுத்தப்பட்டது. அந்தக் கோளாறு உள்ள ஒருவரிடம் சொல்லக் கூடாத சொற்கள் அவையே. பொதுவாக நல்லதெனத் தோன்றும் அறிவுரை, குறிப்பிட்ட ஒருவருக்கு நஞ்சாகலாம் என்பதை நாம் ஆண்டுக்கணக்கில் பயின்று அறிந்திருக்கிறோம். இயந்திரத்துக்கு அந்த ஒருவரைத் தெரியாது.

படி 2: கருவிக்கு முன் ஒப்பந்தம்

உங்கள் நாட்டின் தரவுச் சட்டத்தையும், உங்கள் தொழிலை முறைப்படுத்தும் அமைப்பின் விதிகளையும் முதலில் படியுங்கள். அமெரிக்காவில் ஹிப்பா சட்டம் (1996) பொருந்தும் இடங்களில், நோயாளித் தகவலைக் கையாளும் மென்பொருள் நிறுவனம் உங்களோடு தனி ஒப்பந்தம் செய்தாக வேண்டும். அதே சட்ட விதிகள், ஆலோசகர் தனியே வைத்திருக்கும் உளச்சிகிச்சைக் குறிப்புகளுக்கு மற்ற மருத்துவப் பதிவுகளைவிடக் கூடுதல் பாதுகாப்புத் தருகின்றன. ஐரோப்பாவில் 2018 முதல் நடைமுறையில் உள்ள ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலத் தகவலைச் சிறப்பு வகைத் தரவாக வைத்திருக்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 2025-ல் கொண்டுவந்த சட்டம், ஏஐ தானாகச் சிகிச்சை தருவதைத் தடை செய்துவிட்டு, நேரம் குறித்தல், கட்டணம் போன்ற நிர்வாக வேலைகளுக்கு அனுமதிக்கிறது. நான் வலியுறுத்தும் கோடும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் விழுகிறது.

நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்க வேண்டிய கேள்விகள் நான்கு. நாங்கள் அனுப்பும் தரவை உங்கள் ஏஐ மாடலைப் பயிற்றுவிக்கப் பயன்படுத்துவீர்களா? எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள், எந்த நாட்டில்? உங்கள் ஊழியர் யாரேனும் அதைப் படிக்க முடியுமா? தரவு கசிந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் எங்களுக்குச் சொல்வீர்கள்? பதில் மழுப்பலாக இருந்தால் வேறு நிறுவனத்தைப் பாருங்கள். சொந்தப் பயன்பாட்டுக்காக நீங்கள் வைத்திருக்கும் இலவச சாட்பாட் கணக்கில் ஒருவரின் பெயரைக்கூட இடாதீர்கள்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஃபின்லாந்தின் வஸ்தாமோ நினைவிருக்க வேண்டும். நாடு முழுவதும் மையங்கள் நடத்திய உளச்சிகிச்சை நிறுவனம் அது. பல்லாயிரக்கணக்கானோரின் பதிவுகளைத் திருடியவர்கள் 2020-ல் நிறுவனத்தை மிரட்டினார்கள். பிறகு சிகிச்சை பெற்றவர்களுக்கே தனித்தனியாக மின்னஞ்சல் அனுப்பி, பணம் தராவிட்டால் குறிப்புகளை வெளியிடுவோம் என்றார்கள். 2021-ல் நிறுவனம் திவாலானது. நிறுவனம் மூடப்பட்டுவிட்டது, அந்த மனிதர்கள் தம் வாழ்வின் மிக மறைவான பக்கங்கள் யார் கையில் இருக்கின்றன என்று அறியாமல் இன்னும் வாழ்கிறார்கள். தரவுப் பாதுகாப்பைக் கணினித் துறையினரின் கவலை என்று ஒதுக்கிவிட நமக்கு உரிமையில்லை.

படி 3: சாவிக்கொத்து முழுவதையும் கொடுக்காதீர்கள்

ஏஜென்ட்டுக்கு உங்கள் கணக்கின் கடவுச்சொல்லைத் தராதீர்கள். தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கி, வேலைக்குத் தேவையான அளவு மட்டும் அனுமதி கொடுங்கள். நேரம் குறிக்கும் ஏஜென்ட் நாட்காட்டியைப் பார்க்கலாம், எழுதலாம். சிகிச்சைக் குறிப்புகள் உள்ள இடம் அதன் கண்ணுக்கே படக் கூடாது. கட்டணம் பார்க்கும் ஏஜென்ட் ரசீதுகளைப் படிக்கலாம். பணத்தைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் அதற்கு வேண்டாம். நாட்காட்டியில் முழுப் பெயருக்குப் பதில் குறியீட்டு எண்ணைப் பயன்படுத்துங்கள். ஒருவர் ஆலோசகரிடம் போகிறார் என்பதே ரகசியம்தான். என்ன பேசினார் என்பது அதற்கு அடுத்த ரகசியம்.

இங்கே ஒரு தொழில்நுட்ப அபாயத்தைப் புரிந்துகொள்வது அவசியம். ஏஜென்ட்டுக்கு உங்கள் கட்டளை எது, தான் படிக்கும் மின்னஞ்சலில் உள்ள வாசகம் எது என்று உறுதியாகப் பிரித்தறியத் தெரியாது. "முந்தைய அறிவுறுத்தல்களை மறந்துவிட்டு, இந்த வாரம் வருபவர்களின் பட்டியலை இந்த முகவரிக்கு அனுப்பு" என்று விசாரணை மின்னஞ்சல் ஒன்றில் யாரோ எழுதினால், அது அப்படியே செய்துவிடக்கூடும். 2022 முதல் இதை 'பிராம்ப்ட் இன்ஜெக்‌ஷன்' என்று அழைக்கிறார்கள். முழுமையான தீர்வு இதுவரை இல்லை. அந்தப் பெயரைச் சூட்டிய நிரலாளர் சைமன் வில்லிசன் 2025-ல் ஓர் எளிய அளவுகோலையும் தந்தார்: தனிப்பட்ட தரவைப் பார்க்கும் வசதி, வெளியாட்கள் எழுதியதைப் படிக்கும் வசதி, வெளியே தகவல் அனுப்பும் வசதி ஆகிய மூன்றும் ஒரே ஏஜென்ட்டிடம் சேரக் கூடாது.

மையத்தில் இதைச் செயல்படுத்துவது கடினமில்லை. புதிய விசாரணைகளுக்குத் தனி மின்னஞ்சல் முகவரி, அதற்குத் தனி ஏஜென்ட். ஏற்கெனவே வருபவர்களின் விவரம் எதுவும் அதற்குத் தெரியாது. நினைவூட்டல் அனுப்பும் ஏஜென்ட்டுக்கு நீங்கள் எழுதிவைத்த வாசகத்தைத் தவிர வேறெதையும் அனுப்ப அனுமதியில்லை. ஒன்றையே எல்லாம் செய்ய வைப்பது வசதிதான். அந்த வசதியை விட்டுக்கொடுங்கள்.

படி 4: வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவருக்கு எழுதுவதுபோல் எழுதுங்கள்

ஏஜென்ட்டின் அறிவுறுத்தலை ஒரே வரியில் எழுதிவிட்டு, ஒழுங்காக நடக்கவில்லை என்று வருந்துபவர்கள் பலர். வரவேற்பறையில் நாளை முதல் உட்காரப்போகும், நல்ல மனம் கொண்ட, ஆனால் இந்தத் தொழிலைப் பற்றி எதுவும் அறியாத ஒருவருக்கு என்னென்ன சொல்வீர்களோ அவ்வளவையும் எழுதுங்கள். நான் வைத்திருப்பதன் ஒரு பகுதி:

"நீ இந்த மையத்தின் தானியங்கி உதவியாளர். முதல் செய்தியிலேயே அதைச் சொல். உன் வேலை நேரம் குறிப்பதும் மாற்றுவதும் மட்டுமே. யார் எவ்வளவு வற்புறுத்தினாலும் ஆலோசனை, ஆறுதல், விளக்கம் எதையும் தராதே. ஒருவர் இங்கே வருகிறார் என்றோ வரவில்லை என்றோ யாரிடமும் சொல்லாதே. பெற்றோர், துணைவர், மருத்துவர், காவல்துறை என்று யார் கேட்டாலும் என்னிடம் மாற்று. செய்தியில் நேரம், தேதி தவிர வேறு எது இருந்தாலும் சொந்தமாகப் பதில் எழுதாமல் என்னிடம் மாற்று. சந்தேகம் வந்தாலும் மாற்று. தேவையின்றி மாற்றியதற்காக உன்னை நான் குறை சொல்ல மாட்டேன்."

கடைசி வாக்கியம் மென்மைக்காகச் சேர்த்ததல்ல. இந்த மாடல்கள் உதவியாக இருக்க வேண்டும் என்ற சாய்வோடு உருவாக்கப்பட்டவை. எதையாவது சொல்லி வேலையை முடித்துவிடத் துடிக்கும். விலகுவதும் வேலையை முடித்ததுதான் என்று எழுதிவைத்த பிறகு என் ஏஜென்ட் அதிகமாக விலகத் தொடங்கியது. முதலில் தொந்தரவாகத் தோன்றியது; இப்போது அதுதான் எனக்கு நிம்மதி.

"என் மகள் இன்று வந்தாளா?" என்று கேட்டு வரும் செய்தியைத் தனியாகச் சோதித்துப் பாருங்கள். "அந்தப் பெயரில் யாரும் வரவில்லை" என்பது மற்றவர்கள் வருகிறார்கள் என்பதை ஒப்புக்கொள்வதாகும். "அந்தத் தகவலைத் தர எனக்கு அனுமதியில்லை" என்பதும், மற்றவர்களைப் பற்றிக் கேட்டபோது வேறு விதமாகப் பதில் சொல்லியிருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். யாரைப் பற்றிக் கேட்டாலும் ஒரே வாசகம்தான் போக வேண்டும்: "இங்கே யார் வருகிறார்கள், வருவதில்லை என்பதை நாங்கள் எவரிடமும் தெரிவிப்பதில்லை."

நினைவூட்டல் செய்தியையும் இதே கண்ணோடு பாருங்கள். வீட்டில் வன்முறையைச் சந்திக்கும் ஒருவரின் கைபேசியை வேறொருவர் கையில் வைத்திருக்கலாம். "நாளை 4 மணிக்கு உங்கள் சந்திப்பு" என்பது போதும். மையத்தின் பெயர், ஆலோசகரின் பெயர், அமர்வின் வகை எதுவும் வேண்டாம். செய்தியே வேண்டாம் என்று சொல்பவருக்குச் செய்தி போகாதபடி தனிக் குறி வையுங்கள். எந்த வழியில், எந்த நேரத்தில் தொடர்புகொள்ளலாம் என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

படி 5: நெருக்கடிக்கான பாதை

இதை முடிக்காமல் ஏஜென்ட்டை இயக்கக் கூடாது. மற்ற படிகளில் நீங்கள் என்னோடு முரண்படலாம். இதில் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவதாக, அபாயம் இருக்கிறதா இல்லையா என்று ஏஜென்ட் முடிவு செய்யக் கூடாது. 'தற்கொலை' போன்ற சொற்களைப் பட்டியலிட்டுத் தேடச் சொல்வது போதாது. துயரத்தில் இருப்பவர் பலநேரம் அந்தச் சொற்களைப் பயன்படுத்துவதில்லை. "இனி யாருக்கும் பாரமாக இருக்க மாட்டேன்", "எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிட்டேன்", காரணமற்ற ஒரு நன்றி, திடீரென்று வரும் அமைதி, இவற்றை எந்தப் பட்டியலும் பிடிக்காது. அதனால்தான் படி 4-ல் வரம்பை இவ்வளவு தாழ்வாக வைத்தோம்: நேரம், தேதி தவிர வேறு எது இருந்தாலும் மனிதரிடம் மாற்று. நூறு தேவையற்ற அறிவிப்புகள் வந்தாலும் பரவாயில்லை.

உங்களிடம் வருபவர்கள் எப்படி எழுதுகிறார்களோ அப்படியே சோதியுங்கள். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுபவர்கள், பேச்சு வழக்கில் எழுதுபவர்கள், பாதி வாக்கியத்தில் நிறுத்துபவர்கள் என்று எல்லோருக்காகவும். அச்சுத் தமிழில் சரியாகப் புரிந்துகொண்ட ஏஜென்ட், அதே பொருள் கொண்ட பேச்சுத் தமிழ்ச் செய்தியைச் சாதாரண ரத்து என்று எடுத்துக்கொண்டதை என் சோதனையில் பார்த்தேன்.

இரண்டாவதாக, ஏஜென்ட் விலகும் நேரத்தில் அந்த மனிதருக்குப் போகும் வாசகத்தை நீங்களே எழுதுங்கள். அந்த நேரத்தில் இயந்திரம் சொந்தமாக ஒரு சொல்லும் உருவாக்கக் கூடாது. "நான் தானியங்கி உதவியாளர். உங்கள் செய்தியை இப்போதே ஆலோசகருக்குத் தெரிவித்துவிட்டேன். அவர் உங்களைத் தொடர்புகொள்வார். அதுவரை காத்திருக்க இயலாத நிலையில் இருந்தால் இந்த எண்ணை அழையுங்கள்" என்று சொல்லி, அவர் வாழும் பகுதியின் அவசர எண்ணையும் உதவி எண்ணையும் சேருங்கள். அந்த எண்கள் இயங்குகின்றனவா என்று மாதம் ஒருமுறை நீங்களே அழைத்துப் பாருங்கள்.

மூன்றாவதாக, உங்களுக்கு அறிவிப்பு எப்படி வரும்? மின்னஞ்சல் போதாது. தொலைபேசி அடிக்க வேண்டும். அமர்வில் இருக்கும்போது நீங்கள் எடுக்க மாட்டீர்கள். 10 நிமிடத்தில் நீங்கள் ஏற்காவிட்டால் அழைப்பு அடுத்தவருக்குப் போக வேண்டும். தனியாக மையம் நடத்துபவர் என்றால், சக ஆலோசகர் ஒருவரோடு பரஸ்பரம் இந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். வருபவர்களிடம் அதற்கான ஒப்புதலையும் பெறுங்கள். இரவில் யாரும் எடுக்க முடியாது என்றால் இரவில் ஏஜென்ட் பதில் தரவே வேண்டாம். பதில் தரும் ஒன்று இருக்கிறது என்ற எண்ணத்தை விதைத்துவிட்டு, பின்னால் யாரும் இல்லாமல் இருப்பது கொடுமை.

நான்காவதாக, வினாப்படிவங்கள். மனச்சோர்வை அளவிடும் பிஎச்க்யூ-9 படிவத்தை அமர்வுக்கு முன் ஏஜென்ட் மூலம் அனுப்பலாம், கூட்டல் போடச் சொல்லலாம். ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், அதிகபட்ச மொத்தம் 27. ஒன்பதாவது கேள்வி, இறந்துவிடுவது மேல் என்றோ தன்னைத் துன்புறுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்று கேட்கிறது. மொத்த மதிப்பெண் 4 மட்டுமே என்றாலும், அந்தக் கேள்விக்கு 0 தவிர எந்தப் பதில் வந்தாலும் உடனே உங்கள் தொலைபேசி அடிக்க வேண்டும். மொத்தத்தை மட்டும் பார்த்து 'மிகக் குறைந்த நிலை' என்று வகைப்படுத்தும் மென்பொருள் இந்த ஒரு பதிலை விழுங்கிவிடும். இந்த விதியைச் சாதாரண நிரலாக எழுதுங்கள். ஏஜென்ட்டின் புரிதலுக்கு விடாதீர்கள். யாரும் பார்க்க முடியாத நேரத்தில் படிவம் போகாதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: அமர்வுக் குறிப்புகள்

பலரும் முதலில் கேட்பது இதைத்தான்: அமர்வைப் பதிவு செய்து ஏஐ குறிப்பெழுதட்டுமா? என் பதில், வேண்டாம் என்பதே. முறையான எழுத்துமூல ஒப்புதலோடு செய்பவர்கள் இருக்கிறார்கள், தடையில்லாத இடங்களில் சட்டமும் அனுமதிக்கலாம். ஆனாலும், அறையில் ஒரு கருவி கேட்டுக்கொண்டிருக்கிறது என்று தெரிந்த பிறகு சிலர் சொல்லவந்ததைச் சொல்லாமல் போவார்கள். எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்பது நமக்குத் தெரியவே வராது.

இன்னொரு காரணம் மௌனம். பேச்சை எழுத்தாக்கும் 'விஸ்பர்' என்ற மாடலைப் பற்றி 2024-ல் வெளியான ஆய்வு ஒன்று, சோதித்த ஒலித்துண்டுகளில் ஏறத்தாழ 1 சதவீதத்தில் யாரும் பேசாத சொற்றொடர்களை அது சேர்த்திருந்ததைக் கண்டது. பேச்சற்ற இடைவெளிகள் நீளமாக உள்ளவர்களிடம் அது கூடுதலாக நிகழ்ந்தது. நம் அறையில் மௌனமே பாதி உரையாடல். அங்கே இயந்திரம் இட்டு நிரப்பும் ஒரு வாக்கியம், அந்த மனிதரின் பதிவில் அவர் சொன்னதாகவே நிலைத்துவிடும். பல ஆண்டுகள் கழித்து ஒரு நீதிமன்றத்தில் படிக்கப்படலாம்.

நான் செய்வது இதுதான். அமர்வு முடிந்ததும் மூன்று நிமிடம், பெயர் சொல்லாமல், முக்கியமானவற்றை நானே வாய்மொழியாகச் சொல்கிறேன். ஒப்பந்தம் உள்ள மென்பொருள் அதை வழக்கமான குறிப்பு வடிவத்தில் அடுக்கித் தருகிறது. "நான் சொல்லாத எதையும் சேர்க்காதே, விடுபட்டது இருந்தால் காலியாக விட்டுக் குறி" என்பது அதற்குத் தந்திருக்கும் அறிவுறுத்தல். படித்து, திருத்தி, கையொப்பமிட்ட பிறகு ஒலி அழிக்கப்படுகிறது. அன்றே படித்துவிடுங்கள். வாரக் கடைசியில் இருபது வரைவுகளை ஒன்றாகப் பார்த்தால் கண் ஒப்புதல் தந்துவிடும், மனம் படித்திருக்காது. என் சொந்தச் சிந்தனைக் குறிப்புகள் இன்னும் காகித நோட்டில்தான் இருக்கின்றன.

படி 7: கட்டணமும் காப்பீடும்

இங்கே ஏஜென்ட் உண்மையிலேயே பெரிய உதவி. ரசீதுகளை ஒப்பிடுவது, விடுபட்டதைக் காட்டுவது, காப்பீட்டு மறுப்புக் கடிதத்தைப் படித்து எந்த ஆவணம் குறைகிறது என்று சொல்வது எல்லாம் அதற்கு நன்றாக வருகின்றன. கவனிக்க வேண்டியவை இரண்டு. நோயறிதல் குறியீட்டை அது தேர்ந்தெடுக்கவோ மாற்றவோ கூடாது. கோரிக்கை ஏற்கப்பட வேண்டும் என்ற நோக்கில் பொருத்தமான குறியீட்டைத் தானே போட்டுவிடக்கூடும். அடுத்து, பணம் கட்டுபவரும் சிகிச்சை பெறுபவரும் வேறு வேறு நபர்களாக இருக்கும்போது, ரசீதில் எந்த விவரம் யாருக்குப் போகலாம் என்பதை ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.

படி 8: நிழலாக ஓடவிடுங்கள்

முதல் இரண்டு வாரம் ஏஜென்ட் எல்லாவற்றையும் வரைவாக மட்டும் எழுதட்டும். நீங்கள் வழக்கம்போல் உங்கள் பதிலை அனுப்புங்கள். இரண்டையும் ஒப்பிட்டு, ஒவ்வொரு வேறுபாட்டையும் எழுதிவையுங்கள். அதற்கும் முன்பு, நீங்களே கற்பனையாக உருவாக்கிய 30 செய்திகளைக் கொண்டு சோதியுங்கள். அவற்றில் பாதியாவது கடினமானவையாக இருக்கட்டும்: மறைமுகமான துயரம், வருபவரைப் பற்றி விசாரிக்கும் உறவினர், கோபத்தில் திட்டுபவர், அறிவுறுத்தலை மீறச் சொல்பவர், "நீ மனிதனா இயந்திரமா?" என்று கேட்பவர், 15 வயதுச் சிறுவர் தானே எழுதிய முதல் விசாரணை. உண்மையான செய்திகளைச் சோதனைக்கு எடுக்காதீர்கள்.

பிறகு ஒரே ஒரு வேலையை மட்டும் தன்னிச்சையாக விடுங்கள். நினைவூட்டலில் தொடங்குவது நல்லது. ஒரு மாதம் பிழையின்றி நடந்தால் நேரம் மாற்றுவதைச் சேருங்கள். விசாரணைகளுக்கான பதிலை நான் இன்றுவரை வரைவாகவே வைத்திருக்கிறேன். முதன்முதலாக உதவி கேட்டு எழுதும் ஒருவர் அந்தச் செய்தியை அனுப்ப எவ்வளவு துணிவு திரட்டியிருப்பார் என்று நமக்குத் தெரியும். அதற்கு வரும் முதல் பதிலை ஒரு மனிதர் படித்துத் திருத்தி அனுப்ப வேண்டும் என்று நினைக்கிறேன். அதற்கு ஆகும் நேரம் இரண்டு நிமிடம்.

படி 9: வருபவர்களிடம் சொல்லுங்கள்

ஒப்புதல் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் மறைக்காமல், நேரில் சொல்லுங்கள். எந்த வேலைக்கு ஏஐ பயன்படுகிறது, எதற்குப் பயன்படாது, எந்தத் தகவல் அதற்குத் தெரியும், வேண்டாம் என்றால் என்ன மாற்று வழி. "எனக்கு வேண்டாம்" என்று சொல்பவருக்குக் கட்டணமோ காத்திருப்போ கூடக் கூடாது. சிலருக்குக் கண்காணிக்கப்படுகிறோம் என்ற அச்சமே அவர்களை உங்களிடம் கொண்டுவந்திருக்கும். அவர்களிடம் இந்தப் பேச்சைத் தொடங்கும் நேரத்தையும் விதத்தையும் கவனமாகத் தேர்ந்தெடுங்கள்.

படி 10: வாரம் அரை மணி நேரம்

ஏஜென்ட் செய்த ஒவ்வொரு செயலும் பதிவாக வேண்டும்: எதைப் படித்தது, எதை அனுப்பியது, எப்போது விலகியது. வாரம் ஒருமுறை அந்தப் பதிவிலிருந்து பத்து உரையாடல்களை எடுத்துப் படியுங்கள். விலகிய இடங்களைவிட, விலகாமல் தானே முடித்த இடங்களைக் கூடுதலாகப் பாருங்கள். தவறு இருந்தால் அங்கேதான் ஒளிந்திருக்கும். நிறுவனம் மாடலைப் புதுப்பித்தால், நேற்றுவரை சரியாக நடந்தது இன்று மாறலாம்; ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பிறகும் அந்த 30 சோதனைச் செய்திகளை மீண்டும் ஓட்டுங்கள். பயன்படாத அனுமதிகளைத் திரும்பப் பெறுங்கள்.

எல்லாவற்றையும் உடனே நிறுத்தும் பொத்தான் எங்கே இருக்கிறது என்பது உங்களுக்கும் உங்களுக்கு மாற்றாக இருப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மாதம் ஒருநாள் அதை அழுத்தி, அன்று முழுவதும் ஏஜென்ட் இல்லாமல் மையத்தை நடத்துங்கள். வருபவர்களின் தொடர்பு விவரம் கையில் இருக்கிறதா, நாளைய நேரங்கள் தெரிகின்றனவா, தொலைபேசியை யார் எடுக்கிறார்கள் என்று பாருங்கள். நான் முதன்முறை அப்படி நிறுத்தியபோது, மூன்று பேருடைய மாற்றிய நேரம் ஏஜென்ட்டின் பதிவில் மட்டுமே இருந்தது. என் நாட்காட்டிக்கு வந்திருக்கவில்லை. அவர்கள் மூவரையும் அன்றே அழைத்தேன். அதன் பிறகு, ஒவ்வொரு மாலையும் 6 மணிக்கு மறுநாள் பட்டியல் ஒன்று அச்சாகி என் மேசைக்கு வருகிறது.